தவழ ஒரு தரை

பேத்தி வந்து மூன்று நாளாகியும் தரையைத் தொடவில்லை. எட்டு மாதக் குழந்தை, தவழத் துடிக்கிறது. மகள்தான் இடுப்பைவிட்டு இறக்க மறுத்தாள்.

"உங்க வீட்டுத் தரை பூரா நூல்தூசிப்பா. பாதி பிளாஸ்டிக். இவ கையில கிடைக்கிறதெல்லாம் நேரா வாய்க்குத்தான் போகும்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக வாஷிங் மெஷின் மெக்கானிக். ஊரார் மெஷின்களிலிருந்து சாம்பல் நிறப் பஞ்சைத் தோண்டித் தோண்டி எறிந்தவர். பாலியஸ்டர் என்கிற பிளாஸ்டிக் துணி உதிர்க்கிற நூல் அது என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பே எடுப்பார். தன் வீட்டிலும் அது உதிரும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் நீயே இவளை இறக்கி விடுவே, பாரு!"

மறுநாள் வேலைக்கு லீவு. ஜன்னல்களை அடைத்துவிட்டு, நீர்க்கசிவு தேடுவதுபோல டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்தார். அடேயப்பா! மினுமினுவென்று நூல் காடு!

"ஓடி வாயேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க, புதையலா?"

"அதுக்கும் மேல!"

இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். செயற்கை நூல் கம்பளத்தைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். கம்பளம் பரணுக்குப் போனது. மனைவி துடைப்பத்தை எடுக்க, பாய்ந்து பிடுங்கினார்.

"பெருக்கினா பறந்துட்டு மறுபடி வந்து உக்காரும். ஈரத்துணிதான் சரி."

கருவிப் பையிலிருந்த மெத்தென்ற நீலத் துணியை நனைத்து, முட்டி கழல மூன்று அறையும் துடைத்தார். நெஞ்சை நிமிர்த்தி மகளை அழைத்தார். அவள் துணியின் ஓரச் சீட்டைப் படித்தாள்.

"அப்பா, இது மைக்ரோஃபைபர். முக்கால்வாசி பாலியஸ்டர்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காலயே துடைச்சீங்களா? உங்க மூளைக்கு ஒரு கும்பிடுங்க!"

அவர் அசரவில்லை. போட்டிருந்த பனியனைக் கழற்றினார். "இது சுத்தக் காட்டன்!" சர்ரென்று இரண்டாகக் கிழித்து ஒன்றை மனைவியிடம் எறிந்தார். முதல் அறையிலிருந்து மறுபடி ஆரம்பம்.

நாலு மணிக்கு மகள் தரையோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு மூணு மின்னுதேப்பா."

"முழுசா ஒழிக்க முடியாதும்மா. நீ இருக்கிற வரைக்கும் தினம் துடைக்கிறேன். போதுமா?"

யோசித்தாள். குழந்தையை மெல்ல இறக்கினாள்.

ஒரு கணம் உட்கார்ந்தது. பிறகு விட்டதே பாய்ச்சல்! "ஸ்பின்ல போட்ட மாதிரி பறக்கிறாளே!" என்று கூவினார் தாத்தா.

"சோபாவுக்கு அடியில போறாப்பா! அங்க துடைச்சீங்களா?"

அவர் ஏற்கெனவே ஈரப் பனியன் துண்டோடு பேத்தியை முந்திக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தார்.