இடுப்பில் கை வைத்த மாமா

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோப்பை கொண்டு வந்த முதல் ஆளாகவும் ஆகியிருப்பேன், ஏழாம் வகுப்பில் அந்த ஆட்டத்துக்கு மாமா நடுவராக நிற்காமல் இருந்திருந்தால்.

பருத்திப்பட்டு சர்ச் மைதானத்தில் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எதிரே கோவில்பதாகை அணி. நடுவர் வராததால், கம்பெனி அணியில் ஆடிய என் தாய்மாமாவிடம் விசிலைக் கொடுத்துவிட்டார்கள்.

"மாமன் கையில விசிலு, மருமவ கையில கப்பு" என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்தார்கள். எனக்கும் அதே நம்பிக்கைதான்.

என் பெயரில் நான்கு ஃபவுல் ஏறியிருந்தது. ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டும். மாற்று ஆளும் இல்லை. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் அவர்களுடைய நெட்டைப் பெண் பந்தோடு என்னைத் தாண்டிக் கூடையை நோக்கி எம்பினாள். நான் குறுக்கே பாய்ந்தேன். அவள் தடுமாறி நின்றுகொண்டாள், நான் விழுந்தேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. விழுந்தவள் பக்கம்தான் நியாயம் என்று நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

நான் முன்னதாகவே வந்து நின்றிருந்தால் தவறு அவளுடையது. என் கால்தான் நிற்கவே இல்லையே. மாமா விசில் ஊதி, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தார். வழிமறித்தவள் மேல் ஃபவுல் என்பதற்கு அதுதான் சைகை. அம்மாவுக்கு அது தெரியாது. விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள்.

"இன்னாடா, இடுப்புல கைய வெச்சுகினு வேடிக்க பாக்குற? பொண்ணு வியுந்து கெடக்குது, தூக்குடா."

"அக்கா, வெளிய போ. இங்கயே நின்னுகினு இருந்தா உனுக்கும் ஒரு ஃபவுல்."

"குடு. ராத்திரி சோத்துக்கு எங்க ஊட்டுக்குத்தான வரணும்."

என்னைத் தவிர மைதானமே சிரித்தது. நான் வெளியேறினேன். ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் அந்த நெட்டைப் பெண் கூடையில் போட்டாள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

மாமா சாப்பிட வந்தார். அம்மா குழம்பை ஊற்றினாள். மீனை மட்டும் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"பந்து அவகிட்ட இருந்துச்சு. எல்லாரும் அவளத்தான பாத்தாங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு மாமா என் கால பாத்துகினு இருந்த?" என்று கேட்டேன்.

"பின்ன, வேற யாரப் பாக்குறது?" என்று வெறும் குழம்பைப் பிசைந்தார். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே விசில் ஊதுகிறேன். பந்து வைத்திருப்பவளை ஊரே பார்த்துக்கொள்ளும். நடுவரின் கண் தடுக்கிறவள் மேல் இருக்க வேண்டும். அன்று வந்திருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரிலும், என் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர் மாமா ஒருவர்தான். அது தெரியாமல், கிறிஸ்துமஸ் கேக்கோடு அவரே வந்து நிற்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.