லாட்ஜுக்குப் பின்னால் எங்கள் வீடு

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஜன்னல்தான். அதற்கு எதிரே ஒரு லாட்ஜின் பின்சுவர். மே மாத லீவுக்கு அறைகள் நிரம்பிவிட்டால் எல்லா ஏசிகளும் எங்கள் பக்கம்தான் அனல் கக்கும்.

குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. அதன் முதுகெல்லாம் வேர்க்குரு.

இன்று மதியம் போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"ஏசிய நிறுத்தினா கெஸ்ட் சும்மா இருப்பாங்களா சார்? ஸ்கூல் திறந்தா சரியாயிடும்" என்றார்.

பக்கத்தில் நின்றவர் மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தமிழைக் கேட்டதும் சிரித்தார்.

"நீங்க குடுத்து வச்சவங்க சார். அங்க வெயில் தாங்கல. பசங்க பாவம்னுதான் இங்க கூட்டினு வந்தேன்."

அவர் மகள் கழுத்திலும் வேர்க்குரு தடம் இருந்தது. எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி குழந்தைக்கு நியூஸ்பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஜூன் வரைக்கும் இப்படித்தானாம்."

அவள் கை மாற்றி விசிறினாள்.

குளிருக்காக ஊரே பெங்களூர் வருகிறது. பெங்களூர்க்காரன் எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு வருவோம்.