ஆசீர்வாதத்துக்குப் பிறகு அலுவல் இல்லை

மாநிலச் செயலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளை மேலும் கீழும் அனுப்பிவிட்டு நான் ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே பெங்களூர் ஜோகுபாளையத்தில் உள்ள என் வீட்டுக்கு எங்கள் சபையின் பழைய ஆயர் வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைக்கும்போது, பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு செயலாளர் வேண்டும் என்றார். விதிமுறை தெரிந்தவன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் நல்லது என்பது அவர் வாதம். விதிமுறை தெரிந்தவனை ஒரு கூட்டமும் விரும்புவதில்லை என்பது என் அனுபவம். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன், வீட்டில் என் விதிமுறைகளை யாரும் பொருட்படுத்துவதாக இல்லை.

குழுவில் ஏழு பேர். தலைவர் ஓய்வு பெற்ற பெண் மருத்துவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. பள்ளியின் தாளாளர், பழைய ஆயர், நான், சபையிலிருந்து மூன்று பேர். எங்கள் நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். சண்டை தமிழில் நடக்கும். சபை உறுப்பினர் ஒருவருக்குக் கோபம் முற்றினால் மட்டும் கன்னடம் வரும், அதற்குப் பிறகு அவரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கூட்டம் ஜெபத்தில் தொடங்கி ஆசீர்வாதத்தில் முடியும். இது எல்லாக் கிறிஸ்தவக் கூட்டங்களுக்கும் உள்ள வழக்கம். எங்கள் குழுவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு விஷயத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தால், வாக்கெடுப்புக்கு முன் ஒருவர் ஜெபிப்பார். ஜெபத்துக்குப் பிறகு யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை; குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். மூன்றாவதாக ஒரு விதியை நானே எழுதிச் சேர்த்தேன்: ஆசீர்வாதம் கூறப்பட்ட பிறகு எந்த அலுவலும் எடுக்கப்படக் கூடாது. காரணம் டீ. கூட்டம் முடிந்து, வராந்தாவில் பப்ஸ் தின்றுகொண்டே இரண்டு பேர் எதையாவது முடிவு செய்துவிட்டு, அதைக் குறிப்பில் சேர்க்கும்படி என்னிடம் வந்து நிற்பார்கள்.

அந்த வருஷம் எங்கள் முன் வந்தது ஒரு கணக்கு ஆசிரியையின் பணி உறுதி. தகுதிகாண் பருவம் முடியப்போகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? பாடம் நடத்துவதில் குறையே இல்லை என்று தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். குறை காலையில் இருந்தது. மணி அடிப்பதற்கு முன் ஆசிரியர்கள் எல்லோரும் ஜெபத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பது பள்ளி விதி. இவர் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். அப்பாவை அங்கே தனியாக விட்டுவிட்டுப் பெங்களூரில் அறை எடுத்துத் தங்க முடியாது. ரயில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது அதன் விருப்பப்படி. முதல் வகுப்புக்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஜெபத்துக்குத்தான் முக்கால்வாசி நாள் இல்லை.

இவர் பௌத்தர். விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். வேலைக்கு எடுத்தபோது அதை எங்கள் பெருந்தன்மைக்கு அடையாளமாக வைத்துக்கொண்டோம். தாமதம் தொடங்கியதும் கதை மாறியது. ஒரு கிறிஸ்தவ ஆசிரியை தாமதமாக வந்தால் ரயில்தான் காரணம். ஒரு பௌத்த ஆசிரியை வந்தால் அது கொள்கை.

தாளாளர் அனுப்பிவிடலாம் என்ற பக்கம். நானும் அதே பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. விதி என்று ஒன்று இருந்தால் கடைப்பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் திருத்த வேண்டும். இரண்டும் இல்லாமல் இரக்கப்படுவது நிர்வாகம் அல்ல. கணக்கு ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். கன்னடம் வரும் அளவுக்கு விவாதம் சூடானது. அப்போது டாக்டரம்மா வழக்கப்படி பேனாவை மூடிவைத்துவிட்டு, ஆயர் ஜெபிப்பார், அதன் பிறகு வாக்கெடுக்கலாம் என்றார்.

ஆயர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். ஞானம் வேண்டினார், நீதி வேண்டினார், மழையும் வேண்டினார். பிறகு குரலைச் சற்று உயர்த்தி, வலது கையையும் உயர்த்தி, முழு ஆசீர்வாதத்தையும் கூறி முடித்தார். அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமென் சொன்னோம். பழக்கம் என்பது பெரிய சக்தி. நாற்காலிகள் நகர்ந்தன, கண்ணாடிகள் உறைக்குள் போயின. கதவுக்கு வெளியே ஆமெனுக்காகக் காத்திருந்த ஆயா டீயைக் கொண்டுவந்தார். சபை உறுப்பினர் ஒருவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார். பப்ஸில் பாதி போனபோதுதான் தாளாளர் மெல்லுவதை நிறுத்தினார்.

"செக்ரெட்டரி சார், ஓட்டே எடுக்கலையே?"

எல்லோரும் ஆயரைப் பார்த்தார்கள்.

"ஐயா, நான் ஜெபம்தானே கேட்டேன்?" என்றார் டாக்டரம்மா.

"நாப்பது வருஷமா அப்படித்தானேம்மா. முடிக்கிறப்ப கை தானா மேல போயிடுது," என்றார் ஆயர். உண்மையிலேயே வெட்கப்பட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டதுண்டு. அவ்வளவு தந்திரம் அவருக்கு இருந்திருந்தால் பிஷப் ஆகியிருப்பார்.

தாளாளர் கையைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல, வாங்க, உக்காருங்க. ரெண்டு நிமிஷ வேலை. போனவருக்கு போன் போட்டுக் கேட்டுக்கலாம்."

"ஆசீர்வாதம் ஆயிடுச்சுங்க," என்றேன். "இனிமே உக்காந்தா அது டீ குடிக்கிற கூட்டம்."

"நீங்களும் நம்ம பக்கம்தானே சார்?"

"கூட்டம் நடக்கிற வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் செலவழிக்காமல் இன்னும் வைத்திருக்கிறேன். புதிய கூட்டத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்புக் காலம் முடிவதற்குள் தகுதிகாண் பருவம் முடிந்துவிடும். பருவம் முடியும்வரை குழு எந்த முடிவும் எடுக்காவிட்டால் பணி உறுதியானதாகக் கருதப்படும் என்பது எங்கள் பணி விதி. அப்படியே ஆனது. ஒருவரும் கை தூக்காமல் அந்த ஆசிரியைக்கு வேலை நிலைத்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாலையில் நான் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஆசிரியை வந்தார். தோளில் பையோடு, ரயிலுக்குக் கிளம்பிய கோலத்தில் நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதை எப்படித் தடுப்பது என்று யோசித்தேன்.

"சார், ஓட்டெடுப்பு நடந்திருந்தா நீங்க எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு எதிர்ப் பக்கம்."

தலையசைத்தார். எதிர்பார்த்த விடைதான் போலிருக்கிறது. "அப்போ என் விஷயத்தை மறுபடியும் கூட்டத்துல வைங்க சார்."

அது தேவையில்லை, வேலையை இனி யாரும் எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். பணி உறுதியைக் குழு ஏற்றுப் பதிவு செய்கிறது என்று வேண்டுமானால் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம், அது தோற்றால் வேலை போகாது. ஆனால் இந்த ஆசிரியை எங்களுக்கு வேண்டாம் என்று எழுத்தில் சொன்ன பள்ளியில் தினமும் பாடம் நடத்த வேண்டியிருக்கும் என்றேன்.

"இப்ப மட்டும் என்ன சார்? ஸ்டாஃப் ரூம்ல என்னை டீ பிரேக்ல பர்மனன்ட் ஆன டீச்சர்ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க, நானும் சிரிக்கிறேன்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "வேண்டாம்னு யாரும் சொல்லல. சரி. வேணும்னும் யாரும் சொல்லலையே."

செயலகத்தில் என் முன் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஆணை. ஆணை கையில் இருக்கும்போது அதற்கு மேல் ஒன்று கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். அதற்கு என்னிடம் படிவம் எதுவும் இல்லை. தீர்மானத்தை நானே முன்மொழிந்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் தாளாளர் அதைப் படித்துவிட்டு, முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியையே கேட்கிறார் என்றேன். தற்செயலாக நடந்த ஒன்றைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வது எளிது. அதற்குக் கை தூக்குவது வேறு. இத்தனை நாள் அவரைப் பற்றிப் பேசினோமே, அவரிடம் யாராவது பேசினோமா என்று டாக்டரம்மா கேட்டார். பேசியிருக்கவில்லை. கூப்பிட்டனுப்பினோம்.

தாளாளர்தான் கேட்டார். மரியாதையாகவே கேட்டார். "டீச்சர், காலை ஜெபத்துக்கு உங்களால வர முடியலையா, இல்ல வர இஷ்டம் இல்லையா?"

"முடியல சார். ட்ரெயின் நேரத்துக்கு வந்தா வரேன். பின்னால வந்து நிப்பேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவார் என்று நான் மனதில் வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

"ஆனா சார், நிக்கிறப்ப என் வாய் அசையாது. மரியாதைக்கு நிப்பேன். ஜெபம் உங்களோடது. அதை நான் செய்யற மாதிரி நடிச்சா, அது உங்களுக்கும் நல்லா இருக்காது."

அவர் வெளியே போனார். பிறகு ஆயர், ஆமென் சொல்லிவிட்டு அர்த்தம் மறந்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருப்பதாகவும், சொல்லாமல் நின்று மரியாதை காட்டுகிறவரை இப்போதுதான் பார்ப்பதாகவும் முணுமுணுத்தார். கருத்து இன்னும் இரண்டாகத்தான் இருந்தது. இம்முறை டாக்டரம்மா தானே ஜெபித்தார், மிகச் சுருக்கமாக.

நான் முன்மொழிந்தவன், கை தூக்கியாக வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. முன்மொழிந்துவிட்டு எதிர்த்து வாக்களிப்பதற்கும் வழியுண்டு. அந்த வழி எனக்குத் தெரியும். தூக்கினேன். காலை ஜெப விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த விதி கேட்பது ஓர் ஆள் அங்கே நிற்பதை மட்டும்தான். அதற்கு மேல் நாங்கள் எல்லோரும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், அதை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆதரவாக நான்கு கைகள், எதிராக மூன்று. தாளாளரின் கை எதிர்ப்பில் நேராக நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வராந்தாவில் காத்திருந்த ஆசிரியையிடம் தீர்மானம் நிறைவேறியது என்றேன். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று கேட்டார். அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னேன். கணக்கு ஆசிரியை அல்லவா, சற்று நேரம் அந்த எண்ணை யோசித்தார்.

"மூணு பேரு வேண்டாம்னு சொன்னாங்கன்னா, மத்தவங்க வேணும்னு சும்மா சொல்லலன்னு அர்த்தம்," என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார்.

இப்போதும் அவர் முக்கால்வாசி நாள் ஜெபத்துக்கு வருவதில்லை. விதியைத் திருத்த யாரும் முன்வரவில்லை, நான் உட்பட. நடைப்பயிற்சி முடித்து அந்தப் பக்கம் போகிற காலைகளில் தாளாளரைப் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் பார்க்கிறேன். சாலை முனையில் ஆசிரியை வேகமாக வருவார். தாளாளர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவரை.

"இன்னிக்கு ட்ரெயினை எங்கேம்மா நிறுத்திட்டான்?"

"கிருஷ்ணராஜபுரத்துல சார். சிக்னல் இல்லையாம்."

"அவனுக்கு என்னிக்குத்தான் சிக்னல் கிடைச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே தாளாளர் கேட்டைத் திறந்துவிடுகிறார்.