காய்வதற்குள் படிக்க வேண்டும்

டீச்சர் இறந்த பின் மகளுக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வருவது ஒரு மதியம்தான். மழலையர் பள்ளியின் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், அம்மா அவளை வரச்சொல்லியிருந்தாள். மகள் மின்பொறியாளர்.

அம்மாவுக்கு அங்கே 'தண்ணி டீச்சர்' என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவளும் விளக்கமாட்டாள். பிஞ்சு விரல்களில் பென்சிலைத் திணிக்கவும் மாட்டாள். ஆளுக்கொரு பெயின்ட் பிரஷ், டப்பாவில் தண்ணீர், எதிரே சிமென்ட் முற்றம். பிள்ளைகள் இஷ்டத்துக்கு இழுப்பார்கள். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு, "என்ன எழுதியிருக்கீங்க? படிச்சுக் காட்டுங்க" என்பாள். யாரும் தப்பு என்று சொல்வதற்குள் வெயில் அழித்துவிடும். எழுதப் பயந்த பிள்ளை அங்கே கிடையாது.

அன்று ஒரு வெல்டர் தன் குழந்தையின் பையை எடுத்துப்போக வந்தார். சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டை, கண் சிவந்திருந்தது.

"நோட்டுல ஒரு எழுத்து இல்ல டீச்சர். பக்கத்து வீட்டுப் புள்ள கடகடன்னு எழுதுது. வேற எடத்துல சேக்கப்போறேன்."

"காலையில உங்களுக்குத்தான் எழுதுனா."

"எங்க?"

அம்மா முற்றத்தைக் காட்டினாள். சொட்டு ஈரம் இல்லை.

"நல்லா இருக்கே கதை!" அவர் பையைத் தோளில் மாட்டினார்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. வந்த புதிதில் வாயே திறக்காத குழந்தை அது. தான் எழுதியதைப் படிக்கத்தான் முதன்முதலில் பேசியது. இப்போது போனால் மறுபடி வாயை மூடிக்கொள்ளும். மோட்டார் மூடியைக் கையில் பிடித்தபடி மகள் நின்றாள். ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்கக்கூடாதா, அம்மா?

"இருப்பா, திரும்ப எழுதுறேன்" என்றது குழந்தை. பிரஷை முக்கி நாலு வளைவு, நீளமாக ஒரு கோடு.

"என்ன கண்ணு, மண்புழுவா?" என்றார் வெல்டர்.

"உனக்குப் படிக்கவே தெரியல!" குழந்தை விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தியது. "அப்பா... கண்ணாடி போட்டுக்கிட்டு... வேலை பாரு. ராத்திரி கண்ணு எரியுதுன்னு அழுவுற."

"நான் எங்கடி அழுதேன்?" வெல்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவசரமாக டப்பாக்களை அடுக்கினாள்.

"நீ பதில் எழுது." குழந்தை பிரஷை நீட்டியது.

அவர் பையை இறக்கி வைத்தார். உட்கார்ந்தார். பெரிது பெரிதாக எழுதினார்.

"என்ன போட்டிருக்க?"

"போட்டுக்குறேன்னு போட்டிருக்கேன்."

குழந்தை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு அதைச் சொல்லிப் பார்த்தது. முதல் எழுத்து மங்கத் தொடங்கியது. உடனே கவுனை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு கத்தியது: "டீச்சர், அப்பா எழுதுனது காயுது! ஓடி வாங்க!"

அம்மா முட்டிவலியை மறந்து ஓடினாள். குனிந்து, உரக்கப் படித்தாள். பிறகு வெல்டரைப் பார்த்து, "அப்புறம்? வேறென்ன எழுதப்போறீங்க?" என்றாள்.

அவர் பிரஷை மறுபடி தண்ணீரில் முக்கினார்.