கதம்பைக்குப் பின்னால் ஒரு ஜாதா

மழை வந்தால் எல்லோரும் ஓடிப்போய்க் கூரைக்கடியில் ஒதுங்குவார்கள். ஒதுங்காமல் நடுத்தெருவில் நனைகிறவனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் என்று கேள்விப்பட்டபோது, இது எனக்காகவே உண்டாக்கிய வேலை என்று நினைத்தேன். நேரத்துக்கு ஒதுங்கத் தெரியாமல் நனைந்தே வளர்ந்தவன் நான்.

அந்த வேலைக்கு ஒரு பயிற்சி இருந்தது. டவுனில் பெய்கிற மழை எந்த வழியாக வடிகிறது, எங்கே தேங்குகிறது, ஓடையை எவ்வளவு அகலத்தில் எவ்வளவு சரிவில் வெட்டினால் கடைக்குள் தண்ணீர் ஏறாது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் பாஸானால் நகரசபையில் ஓடை ஓவர்சியர். கொல்லயிலில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், வாய்விட்டுச் சிரித்தார்.

“வெள்ளம் பள்ளத்துக்குப் போவும். இதுக்கு என்னத்துக்குலே ஒரு படிப்பு?”

அத்தானுக்குப் பாறசாலைச் சந்தையில் கருவாட்டுக் கடை. அதற்கு முன்னால் நான் தையல் பழகி, என் சட்டையையே என் வேட்டியோடு சேர்த்துத் தைத்தவன். தட்டெழுத்து பழகப் போன இடத்தில் இயந்திரத்தைக் கெடுத்தவன். ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“இதுலயும் தோத்தியானா கடையில வந்து இரி. நெத்திலிக் கூடைக்குப் பக்கத்துல உனக்கு ஒரு பலகை போட்டாச்சு ஆக்கும்.”

வெறும் பேச்சில்லை. உண்மையாகவே பலகை போட்டிருந்தார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அது காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பலகையில் உட்காராமல் தப்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு இலட்சியம் கிடையாது.

எழுத்துத் தேர்வு எப்படியோ கடந்துபோயிற்று. செய்முறைத் தேர்வு கொட்டுகிற மழையில் நடக்க வேண்டியது. ஓடையின் மேல்முனையில் ஒரு கதம்பையை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, தண்ணீரில் விட வேண்டும். ஒருவன் அதன் கூடவே கரையில் ஓடி, குப்பையில் சிக்கினால் கம்பால் தள்ளிவிட வேண்டும். கீழ்முனையில் இன்னொருவன் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பான். கதம்பை தன்னைக் கடந்ததும் கொடியைத் தாழ்த்துவான். மேல்முனையில் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைக் கணக்கிடுவார். உலகத்தில் இதைவிடச் சாதுவான காரியம் இருக்க முடியாது.

எனக்குக் கூட்டாளி கோட்டுகாலைச் சேர்ந்த கடல்கார வீட்டுப் பையன். கொடி அவனுக்கு, ஓட்டம் எனக்கு. நிற்கவைத்தால் நான் நின்றபடியே தூங்கிவிடுவேன் என்பது பயிற்சியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தேர்வாளர் திருவனந்தபுரத்திலிருந்து குடையோடு வந்திருந்தார். அவர் வந்த அன்றே மழை நின்றுவிட்டது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் உள்ள அந்தச் சின்ன டவுனில் நாள்தோறும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “இன்று சாயங்கால வண்டிக்கு நான் போகணும். மழை பெய்தால் பரீட்சை. இல்லையானால் நீங்கள் ரெண்டுபேரும் தோல்வி” என்றார் ஒருநாள் காலையில். எனக்கு உடனே கருவாட்டு வாசம் அடித்தது.

உச்சிப்பொழுது கழிந்ததும் வானம் இருண்டு மழை கொட்டியது. நான் சந்தோஷத்தில் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. அது மலையாள அரசாங்கத்தின் கீழ் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி எங்கும் ஜாதா, அதாவது கொடி பிடித்த ஊர்வலம், நடந்த காலம். அன்று அந்த டவுனில் கூட்டம் கூடவும் கொடி பிடிக்கவும் தடை. ஜாதாவுக்கு வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கடைகளின் இறவாரத்தில் ஆங்காங்கே ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

நான் கதம்பையை விட்டேன். ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கம்போடு, “விட்டாச்சு மக்கா, பிடிச்சோ” என்று கத்திக்கொண்டு, தூரத்தில் தெரிந்த சிவப்புக் கொடியைப் பார்த்து ஓடினேன். முதலில் புட்டுக்கடைப் பக்கமிருந்து மூன்றுபேர் என் பின்னால் இறங்கினார்கள். பிறகு துணிக்கடைப் பக்கமிருந்து ஒரு கூட்டம். அந்த நாட்களில் ஒருவன் கொடியை நோக்கி ஓடினால் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை. சேர்ந்து ஓடிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்வார்கள்.

கதம்பை சிக்கிய இடத்தில் நான் நின்று குத்தினேன். அவர்களும் நின்றார்கள். கதம்பை புறப்பட்டது. ஜாதாவும் புறப்பட்டது.

“எலே, முன்னால போறது எந்த ஊரு தலைவரு?” என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

“தெரியேல்ல. ஓடையைப் பாத்துகிட்டே ஓடுதாரு. ரொம்ப அடக்கமுள்ள மனுசன்.”

தெருவே தன்னை நோக்கி ஓடி வருவதைக் கண்ட என் கூட்டாளி பயத்தில் விறைத்துப்போனான். கதம்பை அவனைக் கடந்தது. அவன் கொடியைத் தாழ்த்தவில்லை. கூட்டம் கொடியைச் சுற்றி அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்தது. மேல்முனையில் தேர்வாளரின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏட்டு போலீஸோடு வந்தார். கொடி பிடித்தவன், கூட்டத்தைக் கொண்டுவந்தவன், கூட்டத்தில் சத்தம் அதிகம் போட்ட சிலர் என்று எங்களை அள்ளிக்கொண்டு போனார். கொடியையும் கம்பையும் கதம்பையையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

“எடா, நீ எந்தப் பக்கம்?” என்று ஸ்டேஷனில் கேட்டார்.

“வெள்ளம் போற பக்கம், ஏமானே.”

“நக்கல் பறயுந்நோ?” என்று என்னை உள்ளே தள்ளினார்.

லாக்கப்பில் ஏற்கனவே ஒரு வக்கீல் குமஸ்தா இருந்தார். அந்தப் பகுதியில் ஜாதாக்களை நடத்துகிற உண்மையான தலைவர் அவர்தான். காலையிலேயே பிடித்துவிட்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வீடு வீடாப் போயி கூப்பிட்டு நான் சேர்த்தது இருபது பேரு. நீரு ஒரு கதம்பையை வச்சு ஒரு தெருவைக் கூட்டியிருக்கீரு. இங்கிலீஷ் படிச்ச ஆளோ?”

“ஓடை படிச்ச ஆளு.”

“நாசமாப் போச்சு” என்றார்.

கொஞ்ச நேரத்தில் தேர்வாளர் குடையோடு வந்து சேர்ந்தார். வண்டிக்கு நேரமாகிறது, மழை நிற்பதற்குள் பரீட்சையை முடிக்க வேண்டும், ஆளை விடுங்கள் என்றார். ஏட்டு மறுத்தார். ஆளைக் காட்டலாம், விட முடியாது. தேர்வாளர் லாக்கப்பைச் சுற்றிப் பார்த்தார். லாக்கப்புக்குள் ஒரு சின்ன ஓடை இருந்தது. அது கம்பிக்கு அடியில் வெளியேறி, முற்றம் கடந்து, வாசலில் தெரு ஓடையில் போய்ச் சேரும்.

“இது போதும்” என்றார். “இவன் உள்ளேயிருந்து விடட்டும். அந்தக் கதம்பையைக் கொடும். கொடி பிடிக்க வாசலில் ஓர் ஆள் வேணும்.”

“சாட்சிப் பொருளைக் குற்றவாளியின் கையில் கொடுக்க முடியாது” என்றார் ஏட்டு.

“கையில் வேண்டாம். வெள்ளத்தில் போடும்.”

பெரிய உத்தியோகஸ்தர் சொல்கிறாரே என்று ஏட்டு யோசித்தார். முற்றத்துத் தண்ணீர் அவருடைய மேசைக்காலை நனைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கதம்பையைக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஓடையில் வைத்துவிட்டு, கொடியை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மனமில்லாமல், தாமே வாசலில் போய் நின்று உயர்த்திப் பிடித்தார்.

எங்கள் பின்னாலேயே வந்து எதிர்க் கடைகளில் ஒதுங்கியிருந்த கூட்டம் அதைப் பார்த்தது. ஏட்டே கொடி பிடித்துவிட்டார். ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எல்லோரும் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டப்படி அவரைக் கைது செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்கும் அங்கே அவரை விட்டால் வேறு ஏட்டு இல்லை.

நான் கதம்பையைக் காலால் தள்ளினேன். அது கம்பியைக் கடந்தது, முற்றத்தில் பாதி தூரம் போனது, நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பி என்னிடமே வந்தது. கூடவே முற்றத்துத் தண்ணீரும் வந்து எங்கள் கணுக்காலைத் தொட்டது.

“இது எந்துகொண்டு?” என்று காரணம் கேட்டார் தேர்வாளர். அவர் குரலில் பரீட்சை இருந்தது.

என் வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் திரும்பினால் முகத்துவாரத்தைப் பார். கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன்.

“சார், சத்தியாக்கிரகம் ஓடைவாயில இருக்கு. எழும்பினா வடியும்.”

ஏட்டு கெஞ்சினார், அதட்டினார். உள்ளே இருப்பவர்களை விட்டால் எழும்புவோம் என்றார்கள் அவர்கள். தண்ணீர் மேசைக்கடியிலிருந்த காகிதக் கட்டுகளை நெருங்கியது. ஏட்டு என்னைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார், கொடியைக் கீழே விடாமலே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வந்து லாக்கப்பைத் திறந்தார்.

எங்கள் குமஸ்தா வெளியே வந்து கையசைத்ததும் கூட்டம் எழும்பியது. தண்ணீர் மொத்தமாக இழுத்துக்கொண்டு போனது. கதம்பை எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாசலைக் கடந்தது. ஏட்டின் கையில் கொடி தாழ்ந்தது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

“இத்தனை வருசமா மனு கொடுக்கேன்” என்றார் குமஸ்தா என் காதில். “ஒரு கோரிக்கை அஞ்சு நிமிசத்துல ஜெயிச்சது இப்பத்தான். அடுத்த ஜாதாவுக்கும் அந்தக் கதம்பையைக் கொண்டு வாரும்.”

பாஸானேன். குறைந்தபட்ச மதிப்பெண், ஆனாலும் பாஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சந்தைத் தெரு ஓடையில் மண் வாரும் வேலை. மேற்பார்வை பார்க்க வேண்டிய நான் வழக்கம்போல உள்ளே விழுந்து, இடுப்பளவு சேற்றோடு நேராக அத்தான் கடைக்குப் போனேன். ஓவர்சியராகிவிட்டேன், இனி நெத்திலிக் கூடைப் பக்கம் உட்கார மாட்டேன் என்று சொல்லத்தான்.

அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“தள்ளி நில்லு மக்கா. உன் நாத்தத்துல கருவாடு வாங்க வாறவன் திரும்பிப் போயிருவான்.”

பிறகு எனக்காக வைத்திருந்த பலகையை எடுத்துக்கொண்டு வந்து, கடைக்கு வெளியே, காற்று எதிர்ப்பக்கம் போகிற இடத்தில் போட்டார்.

“ஓவர்சியர் இஞ்ச இரிங்க” என்றார்.