எலனைக் கொன்றது யார்? கையைத் தூக்குங்கள்

பழைய கொலைகள் நடந்த சந்துகளுக்குச் சனத்தைக் கூட்டிப்போய்க் காட்டுவது என் தொழில். இருட்டினால் பயம் வருவது அதோடு வந்த வியாதி. இப்போது கூரையில் ஒரு சத்தம், சளி கட்டிய கிழவன் மூச்சு வாங்குவதுபோல. பொசம்தான், இரவில் கூரையேறும் பூனையளவுப் பிராணி. மெல்பனில் இருக்கும் உங்களுக்கும் அந்த மிருகத்தைத் தெரியும். தெரிந்தும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் என் கணவர் என் கழுத்தை நெரித்தார். அடுத்த நாள் ஸ்பிரிங்வேலில் ஒரு நண்பரின் அறைக்குப் போய்விட்டார். இன்றிரவு வேலை முடிய வீட்டுக்கு வாறன் என்று போன் எடுத்திருக்கிறார். சாவி அவரிடம். தாழ்ப்பாள் என் பக்கம். அதைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல், மகளைப் பக்கத்தில் கிடத்திவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது இப்படி விழித்திருந்தால், வாருங்கள், சேர்ந்து விழித்திருப்போம்.

கறுப்புப் பாவாடை

யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகள் பிரம்பால் ஊட்டிய இங்கிலீஷ்தான் இந்த வேலையை வாங்கித் தந்தது. விக்டோரியா மகாராணி காலத்துக் கறுப்புப் பாவாடை, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டும் தொப்பி, கையில் பற்றரி விளக்கு. முதல் நாள் தொப்பி கண்ணை மறைத்துக் குப்பைத்தொட்டியில் மோதினேன். ஒரு வயதான வெள்ளைக்காரி என்னைப் பிடித்து நிறுத்தி, தொப்பியை நிமிர்த்திவிட்டு, அன்பாகக் கேட்டார்: "இவ்வளவு தூரம் வந்து எங்கட கொலைகளையா சொல்லுறாய், கண்ணே? உங்கட ஊரில இல்லையா?"

ரிப்பன்

நான் கூட்டிப்போகும் நடையின் கடைசிக் கொலை எலனுடையது. எலன் ஒரு தையல்காரி. கழுத்து நெரிபட்டு அறையில் கிடந்தாள். ஆளைக் கடைசிவரை பிடிக்கவில்லை. தடயங்கள்: மேசையில் குடித்து முடித்த இரண்டு தேநீர்க் கோப்பை, தரையில் ஒரு புது ரிப்பன். சந்தேகம் மூன்று பேரில்: மரக்கறி கொண்டுவந்த சீனன், ரிப்பன் விற்ற இந்தியன், ஆடு மயிர் கத்தரிக்கத் தூரத்துப் பண்ணைக்குப் போயிருந்ததாகச் சொன்ன கணவன். கடைசியில் நான் விளக்கைத் தூக்கி வாக்கெடுப்பேன். ரிப்பன்காரன்தான் எப்போதும் வெல்வான். ஒருமுறை கை தூக்கிய ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பாதி இறக்கிவிட்டுச் சொன்னார்: "குறை நினைக்காதே, உன்ர ஆள் எண்டதால இல்லை."

கணவன் பகுதி

எலனின் கணவனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் பண்ணையில் இருந்ததைக் கண்ட சாட்சி ஒருவருமில்லை. செத்துப்போவதற்கு முன்பே எலனின் கையில் காயங்கள் இருந்தன. இதைச் சொன்ன நாட்களில் சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. இந்த நடையை நடத்துகிற முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு தருவார். என் தோளைத் தட்டி, "கணவன் எண்டு சொன்னால் கதை அதோட முடிஞ்சுது, சனம் மற்றச் சந்துக்கு என்னத்துக்கு நடக்கும்?" என்றார்.

கோயில் பெண்கள்

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் மாதர் சங்கத்தை அன்ரி ஒருவர் கூட்டிவந்தார். ஞாயிறு பூசைக்கு எனக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர், என் கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையை விலக்கிப் பார்த்தவர். எலனின் பக்கத்து அறைக்காரி, கதிரை விழும் சத்தமும் அழுகையும் கேட்டும் எழும்பாமல் படுத்திருந்ததைச் சொன்னேன். சொல்லும்போது ஒரே வரியை இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அன்ரி மட்டும் என்னைக் கவனித்தார். வாக்கெடுப்பில் ரிப்பன்காரனுக்குக் கை தூக்கினார். பிறகு கிட்ட வந்து, என் தொப்பி முடிச்சைச் சரிபண்ணியபடி மெதுவாகச் சொன்னார்: "அவரை வீட்டுக்குக் கூப்பிடு பிள்ளை. புருசன் பெண்சாதிக்குள்ள நடக்கிறதுக்கு மற்றவை காது குடுக்கக் கூடாது."

அன்றிரவு செபமாலை சொன்னேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. அன்ரி சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன். இன்று பின்னேரம் வரையும் நினைத்தேன்.

போர்வை

இன்று மழை. நாலு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருத்தி களைத்துப்போன நேர்ஸ், வேலை உடுப்புக்கு மேல் மழைக்கோட்டு. எலனுக்கு ஒரு கைக்குழந்தை இருந்ததையும், அவள் கிடந்த அதே அறையில் அது தொட்டிலில் நித்திரையாக இருந்ததையும், கழுத்துவரை ஒரு போர்வை ஒழுங்காகப் போர்த்தியிருந்ததையும் நான் எப்போதும் சொல்வேன். கேட்கிறவர்களை அழவைக்கும் இடம் அது. அதைத் தடயம் என்று நான் நினைத்ததே இல்லை.

வாக்கெடுப்பில் மூன்று கை ரிப்பன்காரனுக்கு. நேர்ஸ் கை தூக்கவில்லை. நெரித்துவிட்டுப் போகிற அந்நியன் ஏன் தொட்டிலுக்குப் போய்ப் போர்த்திவிடுகிறான் என்று கேட்டாள். நான் விளக்கை இறக்கினேன். அவள் குடையை விரித்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ளையில உயிரா இருந்தவன்தான் செய்திருக்கிறான், அப்பிடிப்பட்டவங்களை நான் வார்டில எத்தனை பேரைக் கண்டிட்டன்."

என் கணவரும் மகளில் உயிர். அவளுக்குச் சோறு குழைத்துத் தீத்துவார், தலை வாரி இழுத்துவிடுவார். என் கழுத்தை விட்ட கையோடு போய் அவளைத் தட்டி நித்திரையாக்கியவர். அதை நினைத்துத்தான் ஒரு மாதமாக என் மனது இளகிக்கொண்டிருந்தது.

இப்போது

இவ்வளவும் எழுதி முடிக்கக் கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். இது பொசம் இல்லை. சப்பாத்துச் சத்தம் படியேறி வந்து வாசலில் நின்றது. கதவுக்கு வெளியே, எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாக, அந்தக் குரல்: "பிள்ளை நித்திரையே? எழுப்பிப்போடாதை, நானே திறந்து வாறன்."

கொலைக்கதை சொல்லிச் சாப்பிடுகிறவள் ஒரு கதையிலாவது கடைசிவரை உயிரோடு இருக்கவேண்டாமா என்று நினைத்து, சாவி திரும்புவதற்குள் எழும்பிப்போய்க் கதவை உள்ளிருந்து தாளிட்டேன்.