நரி முகத்தில் விழித்த காலைகள்

விழித்தவுடன் நரியின் முகத்தைக் கண்டால் அன்று எடுத்த காரியம் கைகூடும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கதைகளில் கண்டவரையெல்லாம் ஏமாற்றித் திரியும் விலங்குக்கு இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சிறுவயதில் தந்தையாரைக் கேட்டிருக்கிறேன். "கேள்வி கேக்காதேடா, முழி" என்பதுதான் அவர் தந்த விடை.

என் அத்தையின் முகத்துக்கு அந்தப் பெருமை இல்லை. அவர் தந்தையாரின் தங்கை. பதினான்கு வயதில் கணவரை இழந்து, பிறந்தகத்துக்கே திரும்பியவர். என் தாயார் என்னைப் பெற்ற சில மாதங்களில் மறைந்துவிட்டதால் என்னை வளர்த்தவரும் அவரே. எனக்குப் பாலூட்டிய சங்கு அவர் கையில் இருந்தது. நான் நடை பழகியது அவர் விரலைப் பற்றி. ஆனால் பொழுது விடிகையில் மட்டும் அவர் என் கண்ணில் படமாட்டார். எங்களுக்கு முன்பே எழுந்து, நீராடி, அடுக்களைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் எழுந்து, பூசையறைப் படங்களைப் பார்த்து முடித்த பிறகே கதவு திறக்கும். யாரும் அவரை அப்படி இருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்டதில்லை.

நரிக்கதைகளை எனக்குச் சொன்னவரும் அத்தைதான். மரத்தின் மேல் வடையோடு காக்கை, கீழே நரி. அத்தையின் நரி மற்றவர்களுடைய நரியைப் போல இளிக்காது. மூக்கால் பேசும், மிகுந்த மரியாதையோடு பேசும். "அம்மணி, அடியேன் ரொம்பத் தொலைவுலேர்ந்து வரேன். தேவரீர் பாட்டைக் கேட்டுட்டுத்தான் போறதுன்னு இருக்கேன்" என்று அது தொடங்கும்போதே நான் உருண்டு சிரிப்பேன். வடை விழுந்ததும், "திருட்டு நரி!" என்று கத்துவேன். அத்தை என் வாயில் அடுத்த கவளத்தை வைத்துவிட்டு, "திருட்டுதான். ஆனா பசிக்கு வேற என்ன பண்ணும், சொல்லு. அதை யார் பந்தியில உக்காத்தி வெச்சுப் போடறா?" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தமிழ் வித்துவான் தேர்வு எழுதினேன். முதல்முறை தேறவில்லை. காரணம் எனக்கு ஐயமறத் தெரியும். முதல் வினா எனக்கு மிகவும் உவப்பான பகுதியிலிருந்து வந்துவிட்டது. உரையாசிரியர்கள் அனைவரையும் வரிசையாக நிறுத்தி வழக்காடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வினாவைத் தொடுமுன் மணி அடித்துவிட்டது. இதை அத்தையிடம் விளங்கச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அன்று காலை நான் மறந்துவிட்ட பேனாவை எடுத்துக்கொண்டு அவர் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். வாயிற்படியில் நான் திரும்பிப் பார்த்தேன். முகத்துக்கு முகம் நேராகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை என் தோல்விக்கு அதுவே காரணம்.

மறுமுறைத் தேர்வு நெருங்கியபோது, காஞ்சிபுரத்தில் இருந்த ஒன்றுவிட்ட தமக்கையார் வீட்டுக்குப் புறப்படுவதாக அத்தை சொன்னார். கைம்பெண்கள் உடுத்தும் நார்மடிப் புடவைகளை மூட்டையாகக் கட்டியும் வைத்துவிட்டார்.

"பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டல்ல சாப்பிட்டுக்கோ. நான் இந்தாத்துல இருக்கப்படாது."

"நீ போனா நான் எழுதப் போறதில்லை, அத்தை."

"எழுதாம? பண்டிதர் கடையில உக்காந்து வெத்தலை மடிக்கப் போறாரா?"

"மடிக்கட்டும்."

தந்தையார் இடையில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்தார். அத்தை வீட்டில் இருப்பார். ஆனால் நான் வாசற்படி தாண்டும்வரை அடுக்களைக்குள் இருப்பார். அதற்கு மேலும் ஒரு காப்பு வேண்டுமே என்று, நான் நரி முகத்தில் விழிக்க ஏற்பாடு செய்ய முனைந்தார். அப்போதெல்லாம் அடையாற்றங்கரைப் புதர்களில் நரிகள் இருந்தன. மந்தைவெளியில் எங்கள் வீடுவரை ஊளை கேட்கும். வாசலில் மாட்டை நிறுத்திப் பால் கறந்துகொண்டிருந்தவரிடம் தந்தையார் யோசனை கேட்டார்.

"நரி இன்னா சாமி, என் மாடா? கவுத்தப் புட்ச்சி இஸ்துகினு வந்து உன் வாசல்ல நிறுத்த?" என்றார் அவர், கறப்பதை நிறுத்தாமலே. "ஆத்தாண்ட ஒரு கூட்டமே கீது. வோணும்னா புள்ளையாண்டான அங்க போய்ப் பட்த்துக்கச் சொல்லு. காலீல நரி இவன் மொகத்துல முழிக்கும்!"

கதவுக்கு உட்புறம் அத்தை சிரித்தது எனக்குக் கேட்டது.

ஆகவே படம்தான் என்று முடிவாயிற்று. பள்ளிப் பொருள்கள் விற்கும் கடையிலிருந்து வகுப்பறைச் சுவரில் மாட்டும் வண்ணப்படம் ஒன்றைத் தந்தையார் வாங்கிவந்தார். மேலே காக்கை, வாயில் வடை. கீழே அண்ணாந்த நரி. விரித்துப் பார்த்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது: விழிக்கும்போது காக்கையும் கண்ணில் படுமே! மேற்பாதியைப் பின்புறமாக மடித்து நரியை மட்டும் வெளியே விட்டார். அத்தை தள்ளி நின்று பார்த்தார்.

"தினம் நான் சாதம் வைக்கற காக்கா. அதையும் உள்ள தள்ளிட்டியா, அண்ணா?"

தந்தையார் என் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார், நெடுநேரம் அடித்தார்.

தேர்வு நாள் வந்தது. விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அடுக்களையில் விறகு வெடிக்கும் ஓசை கேட்டது. முந்தின நாள் இரவு நான் எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. ஆயினும் சுவரில் என் பொருட்டு ஒரு நரி காத்திருக்க, என்னை வளர்த்தவர் கதவுக்குப் பின் ஒடுங்கி நிற்கிறார் என்ற எண்ணம் தாங்கவில்லை. மூடிய கண்ணோடே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். ஊஞ்சற் பலகை முழங்காலில் இடித்தது.

"எங்கடா போறே? படம் இந்தப் பக்கம்!" என்று தந்தையார் கூவினார்.

அடுக்களைக் கதவைக் கையால் உணர்ந்து, அதன் முன் தரையில் அமர்ந்தேன்.

"அத்தை, வெளியில வா. உன்னைப் பாத்துட்டுத்தான் கண்ணைத் திறப்பேன்."

"ஐயோ, விளையாடாதேடா! திரும்பிப் போ. அண்ணா, இவனை அழைச்சுண்டு போயேன்!"

"நேரமாறது, அத்தை. குருடனாட்டம் போய் எழுதினா என்ன எழுதறது?"

"உன் நன்மைக்குத்தானேடா உள்ள கிடக்கேன்." குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது. "இன்னொரு தரம் என்னால தாங்க முடியாது."

நான் அசையாமல் இருந்தேன். பால் பொங்கி நெருப்பில் விழுந்த மணம் வந்தது, யாரும் இறக்கவில்லை. சற்றுப் பொறுத்துத் தந்தையாரின் காலடி என்னைக் கடந்து சென்றது. கதவு சிறிதளவு திறந்தது. படத்தின் தாள் சலசலத்தது. அவர் அடங்கிய குரலில், "இந்தா, பிடிச்சுக்கோ" என்றார்.

பின்னர் என் தலைக்கு மேலே, மூக்கால், மிகுந்த மரியாதையோடு ஒரு குரல் எழுந்தது.

"புலவரே, அடியேன் ஆத்தங்கரை நரி. தேவரீர் கண் தொறக்கலாம்."

திறந்தேன். அண்ணாந்த நரி என் எதிரே நின்றது. அதன் இரு காதுகளின் ஓரத்தில் கரி படிந்த விரல்கள்; மேலே நார்மடித் தலைப்பு. தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தை சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திராது.

"நரியாரே, காப்பி உண்டா?" என்றேன்.

"பால் பொங்கிப் போச்சு. உம்மாலதான்."

தாளின் விளிம்பைப் பிடித்து மெல்ல இறக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "இன்னிக்கு இவ்வளவு போறும்" என்றார், தம் சொந்தக் குரலில்.

அன்று முதல் வினாவுக்கு ஒரே பக்கத்தில் விடை எழுதினேன். உரையாசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

மற்றத் தேர்வு நாள்களிலும் அந்த நரியே என்னை எழுப்பியது. ஒவ்வொரு நாளும் படம் சிறிது தாழ்ந்திருந்தது. முதலில் அத்தையின் நெற்றி தெரிந்தது. பிறகு, இங்கே பார்ப்பதா வேண்டாவா என்று தயங்கும் கண்கள். கடைசித் தாளன்று நரியின் காதுகள் அவர் முகவாய்க்குக் கீழே இருந்தன. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் அப்படியே.

நான் தேறிவிட்டேன். வாழ்த்த வந்த உறவினரிடமெல்லாம், "நரி முகத்துல முழிச்சான்" என்று தந்தையார் முகம் மாறாமல் சொன்னார். அவர்கள் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்கள். அத்தையும் அவ்வாறே ஏற்றார் என்பதுதான் எனக்கு வருத்தம். "எல்லாம் உன்னாலதான்" என்றேன். "அசடு மாதிரிப் பேசாதே, நரி முன்னால இருந்துது" என்று முடித்துவிட்டார். படம் சுருட்டிப் பரணில் ஏறியது. அடுக்களைக் கதவு விடியற்காலைகளில் மறுபடி மூடிக்கொண்டது.

அதன்பின் ஒரு நாள் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண் திறந்தேன். அத்தை குனிந்து நின்றார். கையில் அறுந்த கயிறு, நீர் சொட்டச் சொட்ட.

"எழுந்திருடா. கயிறு அறுந்து வாளி கிணத்துக்குள்ள போயிடுத்து. அடுத்தாத்துல பாதாளக்கரண்டி இருக்கும், வாங்கிண்டு வந்து எடு. தளிகைக்கு ஒரு சொட்டுத் தண்ணியில்லை."

மூச்சு வாங்கியது அவருக்கு. சாளரத்து வெளிச்சம் முழுமையாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. இடக்கன்னத்தில் ஒரு சிறு மச்சம் இருப்பதை நான் அன்றுவரை சரியாகப் பார்த்ததில்லை.

"என்னடா மூஞ்சியையே பாத்துண்டிருக்கே? எழுந்திரு!"

வாயைத் திறந்தால் அவருக்கு நினைவு வந்துவிடும் என்று அஞ்சி, ஒன்றும் பேசாமல் எழுந்து, கரண்டி கேட்க நடந்தேன்.